மறைபொருளும் அவையும்: துப்பறியும் நாவலாசிரியர் தம் நூலைப் படித்துக் காட்டும் வழக்கு

நூல் செய்தார் ஒருவர் தம் நூலை அவையிற் படித்துக் காட்டுதல் தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று பனம்பாரனாரின் பாயிரம் தெரிவிக்கின்றது. அரங்கேற்றம் என்னும் அவ்வழக்கின் உயிர்நிலை யாது? நூல் முழுதும் அவையோர் செவிக்கு எட்டுதலும், அவர்தம் வினாக்களுக்கு ஆசிரியர் விடை இறுத்தலும் ஆம். கரந்து வைத்தற்குரிய பகுதி என ஒன்று அங்கு இல்லை.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்று வேரூன்றியுள்ள வழக்கு ஒன்றை இதனோடு வைத்து நோக்குதல் தகும். அங்கு நாவலாசிரியர்கள் தம் புதிய நூல் வெளிவரும் பொழுது புத்தகக் கடைகளுக்குச் சென்று, ஆங்குக் கூடும் வாசகர்க்கு நூலின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டுகின்றனர். வினாக்களுக்கு விடை கூறுகின்றனர். நூற்படிகளிற் கையொப்பம் இட்டுத் தருகின்றனர். கவிஞர்க்கும் சமுதாய நாவல் எழுதுவோர்க்கும் இதில் இடர்ப்பாடு பெரிதில்லை. துப்பறியும் நாவல் எழுதுவோர் நிலையோ வேறு. கொலை செய்தவர் யார் என்பதை இறுதியில் வெளிப்படுத்துதற்காகவே முந்நூறு பக்கம் எழுதியவர், அவ்விறுதியை அவையிற் கூறலாகாது. கூறின் நூலின் சுவை குன்றும்; நூலை வாங்குவாரும் குறைவர். ஆகவே, தம் நூலின் தலையாய பகுதியை மறைத்துக்கொண்டே அந்நூலை அவையோர் உவக்கப் படிக்க வேண்டிய கடப்பாடு அவர்க்கு நேர்கின்றது.

இம்முரண்பாட்டை அவ்வாசிரியர்கள் எவ்வெவ்வாறு தீர்த்துக்கொண்டனர் என்பதும், அத்தீர்வுகள் துப்பறியும் நாவலின் இலக்கியத் தகுதி குறித்து நமக்கு உணர்த்துவது யாது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படும்.

கண்ணும் செவியும்

துப்பறியும் நாவலின் அமைப்பை முதற்கண் தெளிதல் வேண்டும். பல்கேரியாவிற் பிறந்து பிரான்சில் வாழ்ந்த திறனாய்வாளர் தொடரோவ் 1966இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இவ்வகை நூலுள் இரண்டு கதைகள் அடங்கியுள்ளன என்று காட்டினார். ஒன்று குற்றத்தின் கதை; மற்றொன்று அக்குற்றத்தை ஆராய்வதன் கதை. முன்னது பெரும்பாலும் ஆராய்ச்சி தொடங்குமுன்னரே முடிந்துவிடுகின்றது. பின்னதே நம் கண்முன் நிகழ்கின்றது. ஆராய்ச்சி வளர வளர, மறைந்து கிடந்த குற்றக் கதை சிறிது சிறிதாகத் துலங்குகின்றது.

குற்றக் கதை மறைந்திருப்பினும் அதனைக் காட்டும் தடயங்கள் மறைந்திருத்தலாகாது. அவை வாசகர் கண்ணில் முன்னரே பட்டிருத்தல் வேண்டும். இதனை இவ்வகை இலக்கியத்தின் அறம் எனலாம். ரோனால்டு நாக்ஸ் என்னும் ஆங்கிலச் சமயகுரவர் 1929இல் வகுத்த பத்து விதிகளும், 1930இல் இலண்டனில் துப்பறியும் கதையாசிரியர்கள் நிறுவிய கழகத்தின் உறுதிமொழியும் இவ்வறத்தையே வற்புறுத்தின. துப்பறிபவர்க்குக் கிடைத்த தடயம் வாசகர்க்கும் கிடைத்தல் வேண்டும். ஆயினும் அதன் பொருள் வாசகர்க்கு உடனே புலப்படுதலாகாது. கண்முன் வைத்தும் காணாதவாறு வைத்தலே ஆசிரியர் திறம்.

இத்திறம் கண்ணாற் படிப்பாரை நோக்கி அமைந்தது என்பதை நாம் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். கண் ஒரு வரியை விரைந்து கடந்து செல்லும். ஐயம் எழின் மீண்டு வந்து தேடும். செவிக்கு அவ்வுரிமை இல்லை. மேலும், எழுத்துக்கு ஏற்ற இறக்கம் இல்லை, குரலுக்கு உண்டு. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். "மேசைமேல் ஒரு மூக்குக்கண்ணாடியும், பிரிக்கப்பெறாத கடிதம் ஒன்றும், அவிந்த மெழுகுவத்தியும் கிடந்தன" என்பது ஒரு நாவலில் வரும் தொடர் எனக் கொள்வோம். கடிதமே தடயம் ஆயின், அச்சில் அது மூன்று பொருள்களுள் நடுவணதாக நின்று தன்னை மறைத்துக்கொள்ளும். அதனைப் படித்துக் காட்டும் ஆசிரியர் கடிதம் என்னும் சொல்லிற் சிறிது நிறுத்தினும் குட்டு வெளிப்படும். வேண்டுமென்றே விரைந்து கடப்பினும் கூர்ந்து கேட்பார் உணர்ந்துகொள்வர். எழுதிய கை மறைத்ததைப் படிக்கும் குரல் காட்டிக்கொடுத்துவிடும். எனவே, இவ்வாசிரியர்க்கு அவையில் உள்ள இடர் முடிவை மறைத்தல் ஒன்றே அன்று; நூல் நெடுகிலும் விதைத்துள்ள தடயங்களையும் குரலிலிருந்து காத்தல் வேண்டும்.

அறிந்த முடிவும் அச்சமும்

நாவலாசிரியர் தம் நூலை ஊர்தோறும் சென்று படிக்கும் வழக்கை ஆங்கில நாட்டில் பெருந்தொழிலாக ஆக்கியவர் சார்ல்ஸ் டிக்கன்ஸ். அறச்செயல்களுக்குப் பொருள் திரட்டுதற்காக 1853 முதல் படித்து வந்த அவர், 1858 முதல் தம் வருவாய்க்காகவும் படிக்கலானார். 1867 திசம்பர் முதல் 1868 ஏப்பிரல் வரை அமெரிக்காவில் 76 முறை படித்தார். அவர் துப்பறியும் நாவலாசிரியர் என்னும் ஒரு பெயருள் அடங்குபவர் அல்லர். எனினும் குற்றமும் மறைபொருளும் அவர் நூல்களில் இன்றியமையா இடம் பெற்றவை. அவர் மேடையில் செய்த ஒன்றும் செய்யாத ஒன்றும் நம் ஆய்வுக்கு அடிப்படை ஆகின்றன.

செய்தது, 'ஆலிவர் ட்விஸ்ட்' என்னும் நாவலில் சைக்ஸ் என்பான் நான்சி என்பாளைக் கொலை செய்யும் பகுதியைப் படித்தது. 1868 நவம்பரில் அழைக்கப்பெற்ற நண்பர் குழு ஒன்றின்முன் இதனைப் படித்து வெள்ளோட்டம் பார்த்தார். கொலையோடு படிப்பை முடித்தல் தகுமா, கொலைஞனின் ஓட்டத்தையும் முடிவையும் சேர்த்தல் தகுமா என்னும் வினா அப்பொழுது எழுந்தது. சேர்த்தலே தகும் என்று கருதியவர்களுள் வில்கி காலின்ஸ் ஒருவர். டிக்கன்ஸ் அதனை ஏற்று இறுதிப் பகுதியை இயற்றிச் சேர்த்தார். 1869 சனவரி முதல் பொதுமக்கள் முன்னிலையில் அப்பகுதியைப் படித்து வந்தார்.

அந்நாவல் அப்பொழுது முப்பது ஆண்டுப் பழமை உடையது. நான்சி கொல்லப்படுவாள் என்பதை அவையோருட் பலர் முன்னரே அறிந்திருந்தனர். அறிந்திருந்தும் நடுங்கினர். படித்தவர் உடலும் அதனைத் தாங்கவில்லை. 1869 ஏப்பிரலில் மருத்துவர் அவர் சுற்றுலாவை இடையில் நிறுத்தினர். 1870இன் தொடக்கத்தில் இலண்டனில் 12 முறை விடைபெறு வாசிப்பு நிகழ்த்தியபொழுது மருத்துவர் அருகிருந்து நாடித் துடிப்பைக் கணக்கிட்டார். கொலைப் பகுதியைப் படித்த நாள்களில் அது நிமிடத்திற்கு 120ஐயும் கடந்தது. மார்ச்சு 15ஆம் நாள் இறுதியாகப் படித்தார். சூன் 9ஆம் நாள் மறைந்தார்.

செய்யாதது யாதெனின், தம் இறுதி நாவலாகிய 'எட்வின் துரூடின் மருமம்' என்பதை அவர் அம்மேடையிற் படிக்காமை ஆகும். மாதந்தோறும் ஒரு பகுதியாக 1870 ஏப்பிரல் முதல் வெளிவந்த அந்நாவலின் பெயரே மருமம் என்பதைத் தாங்கியது. அந்நாளில் தம்மைச் சந்தித்த விக்டோரியா அரசியார்க்கு விருப்பம் உளதாயின், மக்கள் அறியுமுன் கதையின் போக்கைச் சிறிது தெரிவிப்பதாக அவர் எழுதினார். அரசியார் அதனைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. பன்னிரண்டு பகுதிகளாகத் திட்டமிடப்பெற்ற கதை ஆறு பகுதிகளோடு நின்றுவிட்டது. துரூடு கொல்லப்பட்டானா, கொன்றவர் யார் என்பன ஆசிரியர் கூற்றாக வெளிப்படாமலே போயின. அரசியார்க்கு உரிய காணிக்கையாகக் கருதும் அளவிற்கு ஆசிரியர் மறைபொருளை மதித்தார் என்பது இதனாற் புலனாம். ஆயின் மேடைக்கு அவர் தேர்ந்தது அனைவரும் முடிவு அறிந்த கதையையே. மறைபொருள் உள்ள நூலை வீட்டிற்கும், மறைபொருள் தீர்ந்த நூலை அவைக்கும் வகுத்துக்கொண்டமையே முதல் தீர்வு எனலாம்.

முழுமையும் தலைமகனும்

டிக்கன்சின் நண்பராகிய வில்கி காலின்ஸ் துப்பறியும் நாவல் வரலாற்றில் முதன்மை இடம் பெற்றவர். 1868இல் வார இதழில் தொடர்ந்து வெளிவந்த அவருடைய 'சந்திரகாந்தக் கல்' என்னும் நாவல் பின்வந்தார்க்கெல்லாம் வழிகாட்டியது. 1873 இலையுதிர் பருவத்தில் அமெரிக்கா சென்ற அவர், மறு ஆண்டுத் தொடக்கம் வரை ஊர்தோறும் படித்தார். அவர் படிக்க எடுத்துக்கொண்டது அப்பெரு நாவல் அன்று. 1855இல் தாம் எழுதிய சிறுகதை ஒன்றை விரித்து அமைத்த 'கனவுப் பெண்' என்பதே. கனவிற் கண்ட பெண்ணை நனவிலும் எதிர்ப்படும் ஒருவனின் அச்சத்தைக் கூறுவது அக்கதை. ஒரே மாலையில் தொடங்கி முடியும் அளவினது. முடிவையும் அவையிலேயே கூறத்தக்கது. பெருநாவலின் ஒரு துண்டைப் படித்து மறைபொருளைக் காத்தலினும், முழுமை உடைய சிறியதொன்றைப் படித்தல் நன்று என்று அவர் கருதினார் போலும். இஃது இரண்டாம் தீர்வு. குரல்வளத்தில் காலின்ஸ் டிக்கன்சுக்கு இணையாகார் என்று அந்நாள் செய்தித்தாள்கள் குறை கூறின. நடிப்புத் திறன் இல்லாத எழுத்தாளரும் தம் நூலைத் தாமே படிக்கக் கேட்க மக்கள் வந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது. வந்தவர் நாடியது நூலை மட்டும் அன்று, நூலாசிரியரையும் ஆம்.

ஆர்தர் கானன் டாயில் 1894இல் அமெரிக்காவிற் செய்த சொற்பொழிவுச் சுற்றுலா இதனை மேலும் தெளிவாக்கும். அதற்கு முந்திய ஆண்டுத் திசம்பரில் வெளிவந்த கதையொன்றில் அவர் ஷெர்லக் ஹோம்சை அருவியில் வீழ்த்தி முடித்திருந்தார். தாம் வெறுத்துக் கைவிட்ட தலைமகனைப் பற்றியே எங்கும் அவர் பேச வேண்டியதாயிற்று. தம் கதைகளிலிருந்து சில பகுதிகளைப் படித்ததோடு, ஹோம்ஸ் தோன்றிய வரலாற்றையும் தம் எழுத்து வாழ்வையும் எடுத்துரைத்தார். ஒரு கதையின் முடிவை வெளியிடாமலே அக்கதையின் தலைமகனைப் பற்றி எவ்வளவும் பேசலாம் அன்றோ? நூலிலிருந்து தலைமகனுக்கும், தலைமகனிலிருந்து ஆசிரியர்க்கும் அவையின் நோக்கு நகர்தலே மூன்றாம் தீர்வு. ஹோம்ஸ் 1901இல் தொடங்கிய தொடர்கதையாலும், 1903இல் வந்த சிறுகதையாலும் மீண்டும் வாசகரிடம் வந்தமை யாவரும் அறிந்தது.

அவையோரே மறை காத்தல்

அகதா கிறிஸ்டி அவைக்கு அஞ்சியவர். மேடையிற் பேசுதலை அவர் இயன்றவரை தவிர்த்தார். ஆயினும் நம் ஆய்வுக்குரிய நான்காம் தீர்வு அவர் படைப்பின் வழியாகவே கிடைக்கின்றது. அவர் எழுதிய 'எலிப்பொறி' என்னும் நாடகம் 1952 நவம்பர் 25ஆம் நாள் இலண்டனில் அரங்கேறியது. கொள்ளை நோய் காரணமாக 2020 மார்ச்சில் நிறுத்தப்பெற்று 2021 மே மாதம் மீண்டும் தொடங்கியது. ஒவ்வொரு காட்சியின் இறுதியிலும், கொலைஞர் யார் என்பதை வெளியிற் கூற வேண்டா என்று நடிகர் அவையோரை வேண்டிக்கொள்வது அதன் மரபு.

இம்மரபின் நுட்பம் எண்ணத்தக்கது. மறை காக்கும் பொறுப்பு இங்கு ஆசிரியரிடமிருந்து அவையோர்க்கு மாறுகின்றது. முடிவை அறிந்தார் ஒரு குழுவாகவும் அறியாதார் ஒரு குழுவாகவும் பிரிகின்றனர். அறிந்தார் அறியாதார்க்குச் செய்யும் உதவி, கூறாமை. பிறர் இன்பத்தைப் பொருட்படுத்தித் தம் நாவை அடக்குதல் ஓர் அவைப் பண்பாக ஆயிற்று. புத்தகக் கடைக் கூட்டங்களில் இன்று காணப்படும் ஒழுங்கு இப்பண்பை ஒட்டியதே.

புத்தகக் கடையின் மாலைப்பொழுது

துப்பறியும் நூல்களுக்கென்றே தனிக் கடைகள் 1970க்குப் பின்னர்ப் பெருகின. தில்லிஸ் வின் என்பார் 1972இல் நியூயார்க்கில் 'மர்டர் இங்க்' என்னும் கடையைத் தொடங்கினார். ஆட்டோ பென்சுலர் 1979இல் அந்நகரிலேயே 'மிஸ்டீரியஸ் புக்ஷாப்' என்பதை நிறுவினார். இலண்டனில் 'மர்டர் ஒன்' 1988இலும், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துச் ஸ்காட்ஸ்டேல் நகரில் 'பாய்சன்டு பென்' 1989இலும் தோன்றின. எழுத்தாளரும் வாசகரும் ஆண்டுதோறும் கூடும் 'பௌச்சர்கான்' மாநாடு 1970இல் தொடங்கியது. திறனாய்வாளர் ஆன்டனி பௌச்சரின் நினைவாக அப்பெயர் இடப்பெற்றது. இங்கிலாந்தின் ஆரோகேட்டில் 2003 முதல் குற்றக்கதை விழா நடைபெறுகின்றது. 1926இல் காணாமற்போன கிறிஸ்டி பதினொரு நாள்களுக்குப்பின் கண்டுபிடிக்கப்பெற்ற விடுதியே அவ்விழாவின் களம் ஆனமை பொருத்தமே.

கடையில் நிகழும் கூட்டத்தின் அமைப்பு எளியது. மாலையில் கடைக்காரர் ஆசிரியரை அறிமுகம் செய்வார். ஆசிரியர் கால்மணி அளவு படிப்பார்; சிலர் படித்தலை விடுத்து உரையாடலே செய்வர். பின்னர் வினாவும் விடையும், இறுதியிற் கையொப்பம். இச்சிறு அமைப்பினுள் மேற்கூறிய தீர்வுகள் பலவும் ஒருங்கே பொருந்தியிருத்தல் காணலாம்.

படிப்பதற்கு ஆசிரியர் பெரும்பாலும் முதல் இயலையே தேர்வர். அங்குக் குற்றம் வெளிப்பட்டிருக்கலாம், விடை வெளிப்பட்டிராது. சிலர் நகைச்சுவை அமைந்த உரையாடலையோ, ஓர் ஊரின் வருணனையையோ தனித்து நிற்கும் பகுதியாக எடுப்பர். அது காலின்ஸ் காட்டிய முழுமையின் சிறு வடிவம். வினாக்கள் தலைமகனைப் பற்றியனவாக அமையும். அது டாயில் கண்ட வழி. தொடர் வரிசையாக எழுதப்பெறும் நாவல்களில் இது மிகுதி. சூ கிராப்டன் ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துக்களை வரிசையாகத் தலைப்பிற் கொண்டு 1982 முதல் 2017 வரை 25 நாவல்கள் எழுதி, இறுதி எழுத்துக்குரிய நூலை எழுதாமலே 2017இல் மறைந்தார். அவ்வளவு நீண்ட காலம் ஒரே துப்பறிபவரோடு பழகிய வாசகர்க்கு, அவரைப் பற்றி வினவுதற்கு ஒரு நூலின் முடிவைத் தொட வேண்டிய தேவையே இல்லை. நூலை முன்னரே படித்தவர் அவையில் இருப்பின், முடிவைத் தொடாமல் வினவுவர். தொட நேரின் நிகழ்ச்சி முடிந்தபின் தனியே கேட்பர். இது கிறிஸ்டியின் நாடக அவை கற்ற ஒழுக்கம்.

இவ்வழக்கிற்கு வாணிக அடிப்படையும் உண்டு என்பதை மறுத்தற்கில்லை. ஆசிரியர் கையொப்பம் உள்ள முதற்பதிப்புக்குத் தனி மதிப்பு உண்டு. அவற்றைத் தொலைவில் உள்ள வாசகர்க்கு அஞ்சலில் அனுப்புதல் இக்கடைகளின் வருவாய்க்குத் துணை செய்கின்றது. பெருங்கடைகளும் இணைய விற்பனையும் தள்ளுபடி தருமிடத்துச் சிறுகடை நிலைத்தற்கு, பிறரால் தரவியலாத இப்பொருளே ஊன்றுகோல். ஆயினும் அவ்வூன்றுகோல் எல்லாக் கடைகளையும் காத்திலது. மர்டர் இங்க் 2006இன் இறுதியிலும், மர்டர் ஒன் 2009இலும், 1990இல் தோன்றிய சியாட்டில் நகரத்து மருமநூற் கடை 2017இலும் மூடப்பெற்றன. 2020இல் மக்கள் கூடுதல் தடைப்பட்டபொழுது, எஞ்சிய கடைகள் ஒளிபரப்பின் வழியே இந்நிகழ்ச்சிகளை நடத்தின. கடை ஒன்று மூடப்பெறின் விற்பனை வேறிடம் செல்லும். ஆயின் முடிவை அறிந்தாரும் அறியாதாரும் ஓரிடத்து அமர்ந்து, ஒருவர் இன்பத்தை ஒருவர் காக்கும் அவை அவ்வாறு வேறிடம் செல்வது எளிதன்று.

ஒரு மறுப்பும் விடையும்

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். இன்றைய துப்பறியும் நாவல்களின் முதல் இயல்கள் விறுவிறுப்பாக அமைதற்குக் கடை வாசிப்பே காரணம் எனலாகாதோ என்பர். அவ்வாறு துணிதற்கு இடமில்லை. வார இதழ்களிலும் மாத இதழ்களிலும் தொடராக வந்த காலத்திலேயே, காலின்ஸ் போன்றோர் தொடக்கத்தாலேயே வாசகரைப் பிணிக்கும் முறையைக் கையாண்டனர். கடையில் நின்று புத்தகத்தைப் புரட்டுவாரும் முதற்பக்கத்தையே முதலில் நோக்குவர். எனவே, வாசிப்பு நிகழ்ச்சி அம்முறையைத் தோற்றுவித்தது அன்று; முன்னரே இருந்த அதனைப் பயன்கொண்டது என்றலே பொருந்தும்.

வாசிப்பு நிகழ்ச்சி செய்யும் பணி தோற்றுவித்தல் அன்று, சோதித்தல். முடிவின் துணையின்றி ஒரு பகுதி தனியே நின்று கேட்போரைப் பிணிக்குமாயின், அப்பகுதிக்கு மொழியழகோ, மாந்தர் படைப்போ, இடச் சித்திரமோ ஏதேனும் ஒன்று உடைமையாக உள்ளது என்பது தெளிவு. பிணியாதாயின், அந்நூல் முழுதும் இறுதிப் பக்கத்திற்குக் கடன்பட்டு நின்றது என்பது வெளிப்படும். கேட்போர் கால்மணிப் பொழுதில் இதனை உணர்ந்துகொள்கின்றனர்.

முடிவுரை

துப்பறியும் நாவல் ஒருமுறை படித்து எறியத்தக்கது. முடிவு தெரிந்தபின் அதற்கு உயிரில்லை என்னும் கருத்து நம்மிடையே பரவலாக உண்டு. அக்கருத்தினால் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோரின் நூல்கள் தமிழ்த் துறைகளின் பாடத்திட்டத்திலும் ஆய்விலும் பெற்ற இடம் சிறிது. அவற்றின் கதைமூலம் எது, எதனைத் தழுவியது என்று வினவும் அளவில் ஆய்வு பெரும்பாலும் நின்றுவிடுகின்றது.

மேற்கூறிய வரலாறு அக்கருத்தை முழுதும் ஏற்றற்கு இடந்தரவில்லை. முப்பது ஆண்டு பழகிய கொலையைக் கேட்டு இலண்டன் அவை நடுங்கியது. முடிவு கூறப்பெறாத கால்மணி வாசிப்பிற்காகக் கடைகளில் மக்கள் கூடுகின்றனர். முன்னதில் மறைபொருள் தீர்ந்துவிட்டது. பின்னதில் அது திறக்கப்படவே இல்லை. இரண்டிடத்தும் அவையைப் பிணித்தது மறைபொருளின் விடை அன்று என்பது தெளிவு. விடை, நூலை இறுதிவரை இழுத்துச் செல்லும் கயிறு. நூலின் உயிர் பிறிதோரிடத்தில் உள்ளது. மறைபொருளை நீக்கிய பின்னும் எஞ்சுவது யாது என்று வினவுதலே இவ்வகை நூலை அளக்கும் அளவுகோல் ஆகும்.

ஆய்வு மாணாக்கர் இவ்வளவுகோலைத் தமிழ்த் துப்பறியும் நாவல்களின்மேல் வைத்துப் பார்த்தல் நலம் பயக்கும். வேண்டுவது பெரிதொன்றும் இல்லை. முடிவை அறிந்தார் சிலரும் அறியாதார் சிலரும் ஓரிடத்து அமர்ந்து, நூலின் ஓர் இயலை உரக்கப் படித்துக் கேட்பின் போதும். இருசாராரும் ஒருங்கே செவிசாய்க்கும் பகுதிகள் எவை எனக் குறித்து வரின், அந்நூல்களில் தழுவலுக்கும் திருப்பத்திற்கும் அப்பால் நிற்கும் தமிழ் எவ்வளவு என்பது புலனாகும்.